துணி நாப்பி: சொல்வதும் தோய்ப்பதும்

(புனேயில் நம் சங்கத்தின் காலாண்டுக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி அவர்கள் போன மாதம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஸார், இந்தத் தடவை நீங்கள் கட்டாயம் பேச வேண்டும். ஏதாவது உபயோகமான விஷயமாக இருக்கட்டும்" என்றார். "துணி நாப்பி பற்றிப் பேசுகிறேன்" என்றேன். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஸார், போன கூட்டத்தில் உபநிஷத் பற்றிப் பேசினார்கள், அதற்கு முன்னால் மூத்த குடிமக்களுக்கான வருமான வரி..." என்று இழுத்தார். "அதெல்லாம் நமக்கு. இது நம் அகத்தில் பிறக்கப் போகிறவர்களுக்கு" என்றேன். ஒப்புக் கொண்டார். அவருக்கு என் நன்றி.

இந்த விஷயத்தைப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். 1970-ல் ரசாயனம் எடுத்து பி.எஸ்ஸி. தேறினேன். 1972-லிருந்து 2010 வரை மத்திய அரசு உத்தியோகம். முப்பத்தெட்டு வருஷம் ஃபைல்களோடு போயிற்று. எங்களுக்கு இரண்டு குழந்தைகள். பெண் 1979-ல் கும்பகோணத்தில், மாமனார் அகத்தில் பிறந்தாள். பிள்ளை 1985-ல் நாக்பூரில் பிறந்தான். அப்போது என் தாயார் ஊரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய வேஷ்டிகளையும், நைந்த ஒன்பது கஜங்களையும் கொண்டு வந்து சேர்ந்தாள். பெரிய பெரிய சதுரங்களாகக் கிழித்து, முக்கோணமாக மடித்துக் கட்டுவார்கள். நாக்பூர் வெயிலில் அவை கொடியில் வரிசையாகக் காய்ந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யார் தோய்த்தார்கள் என்பது மட்டும் ஞாபகம் இல்லை. உண்மையைச் சொன்னால், நான் கவனித்ததே இல்லை.

2022 ஜூலையில் எங்களுக்குப் பேரன் பிறந்தான். பிள்ளைக்கும் மாட்டுப்பெண்ணுக்கும் ஹிஞ்சவடியில் வேலை. பிரசவத்திற்கு ஒரு மாதம் முன்பே கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து நான் ஒரு பிரசங்கம் செய்தேன். கடையில் விற்கும் டயபர் கூடாது, அது பிளாஸ்டிக், குப்பை, வீண் செலவு. நம் பெரியவர்கள் துணியில்தான் வளர்த்தார்கள், நாமும் அப்படியே வளர்க்க வேண்டும் என்று நீட்டி முழக்கினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக் கொண்டார்கள். என் அகமுடையாள் மட்டும், முழங்காலைத் தடவிக் கொண்டே, "சொல்றது நீங்க. தோய்க்கறது யாரு?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அவளுக்கு முழங்கால் தேய்ந்து, கீழே உட்கார முடியாது. மாட்டுப்பெண் பிரசவித்து எழுந்திருக்க வேண்டும். ஒத்தாசைக்கு வரவிருந்த சம்பந்தியம்மாவுக்கும் வயதாகிவிட்டது. வேலைக்கு வரும் பெண்மணி, குழந்தைத் துணிக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்தாலும் முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார். அந்தக் கணத்தில் வாய் தவறி, "நான் தோய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது 72 வயது. மாட்டுப்பெண் சிரிக்கவில்லை. "சரிப்பா, ஒரு மாசம் பார்க்கலாம்" என்றாள். அந்த ஒரு மாதம் இரண்டு வருஷத்திற்கு மேல் நீண்டது. அதில் நான் தெரிந்து கொண்டதைத்தான், செய்த தவறுகளையும் சேர்த்து, உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் தவறு குழந்தை பிறப்பதற்கு முன்பே நடந்தது. புண்யாஹவாசனம் வரை குழந்தைக்குப் புதுத் துணி போடக் கூடாது என்பது நம் வழக்கம். அதில் நல்ல அர்த்தம் இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சியும் ரசாயனப் பூச்சும் இருக்கும். பலமுறை தோய்த்த பழைய பருத்தி மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் நன்றாக இழுக்கும். ஆகவே என் தாயாரின் ஒன்பது கஜங்களில் மீதம் இருந்த ஒன்றை நான் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஓரமும் கிழிசலும் போக இருபது துணியாவது தேறும் என்று கணக்குப் போட்டு, கத்தரிக்கோலுடன் உட்கார்ந்து விட்டேன். மாட்டுப்பெண் அந்தப் பக்கம் வந்தவள், முகத்தைச் சுளித்து, "பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறதே, குழந்தைக்கு ஆகுமா?" என்றாள். "இரண்டு தடவை தோய்த்தால் போய்விடும்" என்றேன். அவள் என்னோடு வாதம் செய்யவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது அவரிடமே கேட்டுவிட்டாள்.

அந்தத் துணியைக் குழந்தையின் பக்கத்திலேயே கொண்டு வரக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பாச்சை உருண்டை என்பது நாஃப்தலீன். சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்கிற என்ஸைம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். இது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிப்பது. பரிசோதனை செய்தால் தவிர வெளியில் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு நாஃப்தலீன் ஆவி மூச்சிலோ தோல் வழியாகவோ சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தசோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் வரலாம். காமாலை முற்றினால் மூளையைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். பாச்சை உருண்டையோடு வைத்திருந்த நாப்பியாலும் கம்பளியாலும் குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. நாஃப்தலீன் தண்ணீரில் கரையாது என்பது பி.எஸ்ஸி.யில் நான் படித்ததுதான். படித்தது ஒரு பக்கம், கத்தரிக்கோல் ஒரு பக்கம்.

நம்மில் பலர் அகங்களில் இன்றும் பழைய புடவைகள் பாச்சை உருண்டையோடுதான் பெட்டியில் இருக்கின்றன. என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பழந்துணி உத்தமம், ஆனால் அது அன்றாடம் கட்டி, தோய்த்து, கொடியில் காய்ந்த துணியாக இருக்கட்டும். பெட்டியில் கிடந்தது வேண்டாம். தூளிக்கும் வேண்டாம், போர்த்தவும் வேண்டாம்.

இனி, என்ன துணி வாங்குவது என்பதைப் பார்ப்போம். பருத்தி என்பது செல்லுலோஸ். அது தண்ணீரைத் தன் இழைக்குள்ளேயே வாங்கிக் கொள்ளும். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவிகிதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவிகிதம்கூட வைத்திருக்காது. மல் துணி, ஃபிளானல், டர்க்கி டவல் துணி எல்லாம் பருத்திதான். மல் சீக்கிரம் காயும், ஆனால் நாலு மடிப்பாவது வேண்டும். டர்க்கித் துணி நிறைய இழுக்கும், ஆனால் காய நேரமாகும். மூங்கில் துணி என்று விலை கூட்டி விற்கிறார்கள். அது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ் ரேயான். நன்றாக உறிஞ்சும், மிருதுவாகவும் இருக்கும், ஆனால் மழைக்காலத்தில் காய்வதற்குள் பொறுமை போய்விடும். மைக்ரோஃபைபர் என்பது செயற்கை இழை. ஈரத்தை இழைகளுக்கு நடுவில்தான் பிடித்து வைக்கும். சட்டென்று உறிஞ்சும், ஆனால் குழந்தை அழுத்தி உட்கார்ந்தால் பிழிந்த மாதிரி வெளியே விட்டுவிடும். அதை நேராகத் தோலின் மேல் வைக்கவும் கூடாது. தோலின் இயற்கை ஈரத்தையும் இழுத்து வறட்டிவிடும். மேலே வேறு துணி இருக்க வேண்டும்.

தினுசுகளையும் சொல்லி விடுகிறேன். முதலாவது, நாடா வைத்த லங்கோடு. பிறந்த குழந்தைக்குப் போதும், ஆனால் நனைந்தால் தூக்கியிருப்பவர் மடியும் நனையும். இரண்டாவது, வெறும் சதுரத் துணி. 60 முதல் 70 செ.மீ. சதுரம் இருந்தால் மடித்துக் கட்டலாம். மூன்றாவது, மடித்துத் தைத்த துணி. அதன் மேல் தண்ணீர் புகாத ஓர் உறை. உறையின் உள்பக்கம் பி.யூ.எல். என்கிற மெல்லிய பாலியூரிதேன் படலம் ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற பெண்மணி குளியலறைத் திரையை வெட்டித் தைத்து இப்படி ஓர் உறையை உண்டாக்கி, 1951-ல் காப்புரிமையும் வாங்கினார். நான்காவது, பை மாதிரி தைத்த நாப்பி. உள்ளே உறிஞ்சும் அட்டைத் துணியைச் செருக வேண்டும். ஐந்தாவது, எல்லாம் சேர்த்துத் தைத்தது. கட்டுவது சுலபம், காய்வது கஷ்டம்.

என் அனுபவத்தில் நம் ஊர்களுக்குச் சரிப்படுவது சதுரத் துணியும் உறையும்தான். 24 முதல் 30 துணி, 4 உறை இருந்தால் தினமும் தோய்க்கிற அகத்திற்குப் போதும். மலம் படாவிட்டால் அதே உறையைத் துடைத்து இரண்டு மூன்று முறை போடலாம். ஒரேயடியாக முப்பது வாங்காமல், ஒவ்வொரு தினுசிலும் ஒன்றிரண்டு வாங்கிப் பதினைந்து நாள் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். குழந்தைக்குக் குழந்தை தொடை பருமன் வேறு. புதுப் பருத்தித் துணியில் இயற்கையான மெழுகும் இருக்கும்; நாலைந்து தடவை தோய்த்து உலர்த்திய பிறகுதான் அது ஒழுங்காக உறிஞ்சும். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே போனால் துணி தயார்.

கட்டுவதில் சில விஷயங்கள். தொப்புள் கொடி விழும் வரை நாப்பியின் மேல் விளிம்பு அதற்குக் கீழே இருக்கட்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சி வேண்டும். தொடையைச் சுற்றி இடைவெளி இருக்கக் கூடாது, அதே சமயம் பள்ளமாகத் தடம் விழவும் கூடாது. குழந்தையின் கால்கள் தவளை மாதிரி அகன்று மடங்கியிருப்பதுதான் இயற்கை. கால் நேராக வளர வேண்டும் என்று இரண்டு காலையும் சேர்த்து நீட்டி இறுக்கிச் சுற்றுவது நம்மில் ஒரு பழக்கம். அது இடுப்பு மூட்டு சரியாக அமைவதைக் கெடுக்கும். பவுடர் வேண்டாம், பறக்கிற தூள் குழந்தையின் மூச்சில் போகும்.

மாற்றுவது எப்போது? மலம் என்றால் உடனே. மற்றபடி இரண்டு மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி சாதாரணம். துணியில் ஒரு பெரிய சௌகரியம், குழந்தை எத்தனை தரம் மூத்திரம் போகிறது என்பது கையோடு தெரிந்துவிடும். முதல் வாரத்திற்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது நனைத்தால் தாய்ப்பால் போதுகிறது என்று அர்த்தம். பால் போதவில்லையோ என்று மாட்டுப்பெண் கவலைப்பட்டபோது, நான் கொடியில் இருந்ததை எண்ணிக் கணக்குச் சொன்னேன். முப்பத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் நான் கொடுத்த எந்தப் புள்ளிவிவரமும் யாரையும் அவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை.

தோய்க்கும் முறைக்கு வருகிறேன். முதலில் மலத்தைக் கழிப்பறையிலேயே தள்ளி, அங்குள்ள கைக்குழாயைப் பீச்சிக் கழுவ வேண்டும். மூத்திரத் துணியைப் பச்சைத் தண்ணீரில் ஒரு தரம் அலசி, மூடி இல்லாத வாளியிலோ காற்றுப் போகும் கூடையிலோ போடலாம். ராத்திரி முழுக்க ஊறப் போட வேண்டியதில்லை. ஊறினால் நாற்றமும் கிருமியும் கூடும், உறையின் படலமும் கெடும். ஒரு நாளைக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். பிறகு சோப்புத் தூள் போட்டு நன்றாகத் தோய்த்து, நுரை நிற்கும் வரை அலச வேண்டும். பருத்தித் துணிக்கு 60 டிகிரி வென்னீர் நல்லது. உறைகளுக்கு 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். துணியை வெயிலிலும், உறையை நிழலிலும் உலர்த்துங்கள்.

மெஷினில் போடலாமா என்று ஒரு சர்ச்சை எங்கள் அகத்தில் நடந்தது. என் அகமுடையாளுக்கு மடி உடுத்துகிற துணியோடு இது சேரக் கூடாது. பிள்ளைக்கு, மெஷின் இருக்கும்போது அப்பா எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று. கடைசியில், கழுவி அலசிய பிறகு நாப்பிகளை மட்டும் தனியாக மெஷினில் போடுவது என்று ராஜி ஆயிற்று. சுகாதாரமும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே இரு தரப்பும் ஜெயித்ததாக வைத்துக் கொண்டோம்.

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை என்பது உங்களுக்குத் தெரியும். பேரன் பிறந்தது நட்ட நடு மழையில். கூடத்தில் கொடி கட்டி, மின்விசிறியைப் போட்டு, மல் துணியைத் தனித்தனியாக விரித்து உலர்த்தினேன். ஒன்றின் மேல் ஒன்று படக் கூடாது. காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் தையலில் ஈரம் இருக்கும். இஸ்திரி போட்டு அந்தக் கடைசி ஈரத்தையும் எடுத்துவிட வேண்டும். ஈரத் துணியை மடித்து வைத்தால் பூஞ்சக்காளான் வரும்.

இனி என் இரண்டாவது தவறு. எங்கள் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் போதாமல் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வரும். மகா உப்பு. அதாவது கால்சியமும் மெக்னீசியமும். காய்ந்த துணி அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. குழந்தைக்கு உறுத்துமே என்று, துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை வாங்கி ஊற்றினேன். அழுக்குப் போகவில்லையோ என்ற சந்தேகத்தில் சோப்புத் தூளையும் இரட்டிப்பாக்கினேன். துணி பட்டுப் போல ஆயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதினைந்தே நாளில் குழந்தையின் பின்பக்கம் செக்கச் செவேல் என்று புண்ணாகிவிட்டது. அவன் அழுத அழுகையைக் கேட்டு நான் அன்று சாப்பிடவில்லை.

"துணியே வேண்டாம், டயபருக்குப் போய்விடலாம்" என்றான் பிள்ளை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மாட்டுப்பெண் குழந்தையை மருத்துவரிடம் காட்டினாள். நாலைந்து நாள் முடிந்தவரை நாப்பியே இல்லாமல் காற்றாட விடச் சொல்லி, ஈரம் படாமல் காக்கும் களிம்பும் கொடுத்தார். தொடை மடிப்பில் சிவப்பும், அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளும் வந்தால் அது பூஞ்சைத் தொற்று, அதற்கு வேறு மருந்து என்றும் எச்சரித்தார். அந்த இரண்டையும் கலந்து நாமே வைத்தியம் செய்யக் கூடாது.

இது ஏன் வந்தது என்று யோசித்தேன். மூத்திரத்தில் உண்டாகும் அம்மோனியாதான் தோலைச் சுடுகிறது என்று முன்பு சொல்வார்கள். இன்றைய விளக்கம் சற்று வேறு. ஈரம் நெடுநேரம் பட்டால் தோல் ஊறி நைந்து விடுகிறது. மூத்திரமும் மலமும் கலக்கும்போது காரத்தன்மை ஏறி, மலத்தில் உள்ள என்ஸைம்கள் சுறுசுறுப்பாகித் தோலை அரிக்கின்றன. துணியின் உராய்வும் சேர்ந்து கொள்கிறது. அப்படியானால் என் துணி ஏன் ஈரத்தை இழுக்கவில்லை? காய்ந்த நாப்பியின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றது! மென்மைத் திரவம் என்பது இழையின் மேல் கொழுப்பு மாதிரிப் படிகிற பொருள். அது துணியின் உறிஞ்சும் குணத்தையே அடைத்துவிட்டது. இன்னொரு நாப்பியைச் சுத்தமான தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். நுரை பொங்கியது. தோய்த்து உலர்த்திய துணியில் அவ்வளவு சோப்பு!

அன்றே அந்தத் திரவத்தை நிறுத்தினேன். எல்லாத் துணியையும் வென்னீரில் சோப்பில்லாமல் பலமுறை அலசினேன். பிறகு, உப்புத் தண்ணீருக்கு ஒரு கரண்டி சலவை சோடா சேர்த்தேன். அது கால்சியத்தைப் படிய வைத்துத் தண்ணீரை மென்மையாக்கும், சோப்புத் தூளும் குறைவாகப் போதும். கடைசி அலசலை இரண்டாக்கினேன். விறைப்பான துணியைக் கொடியிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் கசக்கி உதறினால் போதும், மெத்தென்று ஆகிவிடும். இதை என் அகமுடையாள் 1985-லேயே செய்திருக்கிறாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். களிம்பு தடவும்போது துணியின் மேல் ஒரு மெல்லிய பழைய மல் துண்டு போடுவதும் அவள் சொன்னதுதான். இல்லாவிட்டால் களிம்பும் துணியில் ஏறி அடைத்துக் கொள்ளும்.

மூன்றாவது தவறு தோய்ப்பதில் இல்லை, என் பிடிவாதத்தில். பகலில் நான் தோய்த்தேன், சரி. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து துணி மாற்றியது யார்? பால் கொடுக்க எப்படியும் விழிக்கும் மாட்டுப்பெண்தான். துணி நனைந்து, படுக்கை நனைந்து, அழும் குழந்தையோடு அவள் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்ததை ஒரு ராத்திரி பார்த்தேன். கண்ணில் ஜலம். என்னிடம் அவள் ஒரு வார்த்தை புகாராகச் சொன்னதில்லை. மறுநாள் காலை நானே கடைக்குப் போய் ஒரு கட்டு டயபர் வாங்கி வந்து, "ராத்திரிக்கு ஒன்று போட்டுக்கோம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் இதை ஒரு மாதம் முன்பே செய்திருக்க வேண்டும் என்று புரிந்தது.

டயபரை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். 1961-ல் பாம்பர்ஸ் வந்ததற்குப் பின்னால் இருந்த விக்டர் மில்ஸ் என்ற ரசாயனப் பொறியாளரும், பேரக் குழந்தையின் துணியை மாற்றி அலுத்துத்தான் அதில் இறங்கினார் என்று சொல்வார்கள். அவரும் ஒரு தாத்தா! டயபருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட், சுத்தமான தண்ணீரானால் தன் எடையைப் போல் நூறு மடங்குக்கு மேல் உறிஞ்சும். உப்புள்ள மூத்திரத்தில் அந்தத் திறன் வெகுவாகக் குறையும். ஆனாலும் தோலை உலர்வாக வைப்பதில் அது கெட்டிக்காரன்தான். பிரயாணத்திற்கும், ராத்திரிக்கும், வயிற்றுப்போக்கு நாளுக்கும் அது வேண்டியிருக்கிறது.

துணி என்றால் தானாகவே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாகப் பார்த்தால் இரண்டுக்கும் கரியமில வாயுக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே வந்தது. ஆனால், மெஷின் நிரம்பப் போட்டு, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் பாரம் 40 சதவிகிதம் குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. 2023-ல் அந்த நாட்டு அரசு வெளியிட்ட புதுக் கணக்கில் துணி சுமார் 25 சதவிகிதம் மேல் என்று வந்தது. கொடியும், வெயிலும், தம்பிக்கு அண்ணன் துணியும் நமக்குப் புதிதல்ல. லாபம் துணியில் இல்லை, துணியை நடத்தும் விதத்தில் இருக்கிறது.

குப்பை விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது எங்கள் மாடிக்கு வரும் ஒரு பெண்மணியால். புனேயில் 'ஸ்வச்ச்' என்ற குப்பை சேகரிப்பவர்களின் கூட்டுறவு அமைப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள், காகிதத்தில் சுற்றாத டயபர் ஒன்று காய்கறித் தோலோடு கிடந்தது. எங்கள் அகத்து டயபர்தான். "ஆஜோபா, இதைப் பிரித்து எடுப்பது என் கைதான்" என்று அவர் மராட்டியில் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே, டயபர் போன்றவற்றைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றும், அதற்கான உறையைத் தயாரிப்பாளர்கள் தர வேண்டும் என்றும் சொல்லின. 2017-ல் புனேயில், பொட்டலத்தின் மேல் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுக்கும்படி ஓர் இயக்கமே நடந்தது. இத்தனை வருஷம் அரசு விதிகளோடு வாழ்ந்த எனக்கு, என் அகத்துக் குப்பையில் ஒரு விதி மீறல். அன்றிலிருந்து மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, காகிதத்தில் சுற்றி, சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுக்கிறோம். டயபர் போடுகிறவர்கள் அதைப் போடுங்கள். ஆனால் அதை எடுக்கும் கையையும் ஒரு நிமிஷம் நினையுங்கள்.

செலவையும் பார்த்து விடலாம், நம் கூட்டத்தில் அது இல்லாமல் பேச்சு நிறையாது. ஒரு டயபர் பத்து ரூபாய், ஒரு நாளைக்கு ஆறு என்று வைத்துக் கொண்டால் வருஷத்திற்கு 21,900 ரூபாய். இரண்டு வருஷத்திற்கு 43,800. துணியும் உறையும் அதில் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் தோய்க்கிறவரின் நேரத்தை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நானும் 72 வயது வரை சேர்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. நாப்பியைவிட நல்லது நாப்பி இல்லாமல் இருப்பது. நம் பாட்டிமார்கள் குழந்தையைக் காலில் உட்கார வைத்து, "ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்து, பால் குடித்த சற்று நேரத்தில் வெளிக்குப் போகப் பழக்குவார்கள். மேல்நாட்டில் இன்று இதைப் புத்தகம் போட்டுச் சொல்கிறார்கள். சம்பந்தியம்மா எங்கள் பேரனுக்கு ஆறாம் மாதத்திலிருந்து இதைச் செய்தார். ஒரு நாளைக்கு மூன்று நாலு துணி எனக்கு மிச்சம் ஆயிற்று. வற்புறுத்தக் கூடாது, அதட்டக் கூடாது. குழந்தைக்கு வந்தால் சந்தோஷம், வராவிட்டால் துணி இருக்கிறது, தாத்தா இருக்கிறார்.

பேரனுக்கு இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. அவனுடைய துணிகளைத் தோய்த்து, பாச்சை உருண்டை போடாமல், காய்ந்த வேப்பிலையோடு மடித்து வைத்திருக்கிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் யாருக்காவது வேண்டுமானால் தாராளமாக வந்து வாங்கிக் கொள்ளலாம். இருபத்திரண்டு துணி, மூன்று உறை நல்ல நிலையில் இருக்கின்றன. ஒரே ஒரு நிபந்தனை. அதை வாங்கிப் போக, தாத்தா ஆகப் போகிறவரோ, அப்பா ஆகப் போகிறவரோ தாமே நேரில் வர வேண்டும். எப்படித் தோய்ப்பது என்று அவருக்குத்தான் காட்டிக் கொடுப்பேன்.

1979-லும் 1985-லும் எங்கள் இரண்டு குழந்தைகளின் துணிகளைத் தோய்த்தது என் அகமுடையாளும், அவள் தாயாரும், என் தாயாரும்தான். இருவரிடம் இனி நன்றி சொல்ல முடியாது. மூன்றாமவர் இந்தச் சபையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என் நன்றியைச் சொல்லி முடித்துக் கொள்கிறேன்.